எங்களை எதற்காக எண்ணுகிறீர்கள்? கொழும்பு மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மாநகர முதல்வர் அவர்களுக்கும், பிரதி முதல்வர், உறுப்பினர்கள், மாநகர ஆணையாளர் ஆகியோருக்கும்,

வணக்கம். ஆயுபோவன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இன்றும் அங்கேயே சோலைவரி கட்டி வாழ்பவன். தனிப்பட்ட முறைப்பாடு எதையும் இந்த மடலில் கொண்டுவரவில்லை. இந்த நகரத்தில் யார் யார் வாழ்கிறோம் என்பது மாநகர சபைக்குத் தெரியும். அந்த அறிவை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

"பல்லின மக்களும் பல மதத்தவரும் கூடி வாழும் நகரம்" என்று வெசாக், தீபாவளி, நோன்புப் பெருநாள், நத்தார் மேடைகள் எல்லாவற்றிலும் கேட்கிறோம். அது உண்மைதான். மேடையை விட்டு இறங்கிப் படிவம் அச்சடிக்கிறபோதும், பலகை எழுதுகிறபோதும், ஒரு தோட்டத்தை, அதாவது நெருக்கமான ஏழைக் குடியிருப்பை, இடித்து அங்கிருந்தவர்களைத் தொடர்மாடிக்கு அனுப்புகிறபோதும் அந்த உண்மையை யாரும் கையில் எடுப்பதில்லை. எனக்குள்ள வருத்தம் அதுதான்.

2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை எடுத்துக்கொள்கிறேன். அதன்பிறகும் கணக்கெடுத்திருக்கிறார்கள் என்பதை அறிவேன். சிறிய சமூகங்களையும் பெயர் சொல்லிக் காட்டிய கணக்கு என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிடிப்பு. மாநகர எல்லைக்குள் அப்போது ஏறத்தாழ 6,40,000 பேர் இருந்தோம். நூற்றுக்கு 41 பேர் சிங்களவர், 29 பேர் இலங்கைத் தமிழர், 24 பேர் முஸ்லிம்களான சோனகர், இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதிந்தவர்கள் 2 பேர். மலாயர் 11,000க்குச் சற்று மேல். ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் 5,000க்குச் சற்று மேல். கொழும்புச் செட்டிகள் 740 பேர். பரதர் 471 பேர். போராக்கள், மேமன்கள், சிந்திகள், பார்சிகள், மூன்று தலைமுறையாகப் பல் கட்டிக்கொடுத்து வாழ்ந்த சீனக் குடும்பங்கள் போன்றோருக்குப் பெரும்பாலும் 'ஏனையோர்' என்ற வரிதான் கிடைத்தது.

எந்த ஓர் இனமும் பாதியைத் தொடாத வர்த்தகத் தலைநகரம் இது. சோனகரில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். அவர்களையும் தமிழரையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டுகிறார்கள். கொழும்பு தமிழ் நகரம் என்று நிறுவுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் முதலில் மறுப்பவன் நானாக இருப்பேன். ஒருவருக்கென்று எழுதிக்கொடுக்க முடியாத நகரம் என்பதுதான் இதன் இயல்பு.

இந்தக் கலவை போர்க்காலத்தில் வந்து சேர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1344இல் இப்னு பதூதா இந்தத் துறைமுகத்துக்கு வந்தபோது, இதை ஆண்ட கடல் அதிகாரியிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாகக் குறித்துவைத்தார். 1505இல் போர்த்துக்கேயர் வந்து இறங்கியபோது கரையில் வணிகம் செய்துகொண்டிருந்தவர்கள் சோனகர். 1656இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் படைவீரர்களையும் நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தாரையும் இங்கே கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் அந்த வீரர்களைத் தங்கள் படையில் வைத்துக்கொண்டார்கள். மலாய்ப் படை 1873இல் கலைக்கப்பட்ட பிறகும் குடும்பங்கள் கொம்பனித்தெருவை விட்டுப் போகவில்லை. 1875இல் தொடங்கி 1885இல் முடிந்த அலைதடுப்புச் சுவர் காலித் துறைமுகத்தின் கப்பல்களை இந்தப் பக்கம் திருப்பியது. நிலக்கரி சுமக்க, மூட்டை தூக்க, தெருக் கூட்ட என்று தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்றைக்கும் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். நகரம் கண் விழிக்கும் முன் வீதியைக் கூட்டி முடிப்பவர்களில் பலர் அவர்கள்தான்.

புறக்கோட்டையிலிருந்து என் வீட்டுக்கு நடந்து வருகிற வழியைச் சொல்கிறேன். பிரதான வீதிக்குப் பக்கத்தில், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டிய சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் 1908, 1909இல் எழுப்பியது. அதைத் தாண்டினால் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். மேட்டில் ஏறினால் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம். தரையெங்கும் கல்லறைக் கற்கள், அவற்றில் பறங்கிக் குடும்பங்களின் பெயர்கள். இந்தப் பக்கம் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரம். துறைமுகப் பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிற கூட்டத்தில் பொட்டு வைத்தவர்களும் இருப்பார்கள், பன்சலைக்குப் போய்விட்டு வந்தவர்களும் இருப்பார்கள், தலையை மூடிய முஸ்லிம் தாய்மாரும் இருப்பார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்தபோது செத்தவர்களில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள். அந்த வாரத்தின் அழுகுரலைக் கொட்டாஞ்சேனையில் கேட்டவர்களால் மறக்க முடியாது. அதன் பிறகு அபாயா அணிந்த எங்கள் அயல்வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் ஏறப் பயந்த மாதங்களையும் மறக்க முடியாது.

நகர மண்டபத்தின் படியில் நின்று எதிரே பாருங்கள். தெவட்டகஹப் பள்ளிவாசல் தெரியும். 1820இல் எண்ணெய் விற்றுப் பிழைத்த ஒரு சிங்களப் பெண் அங்கே வேர் தடுக்கி விழுந்தாள், எண்ணெய்ப் பானை உடைந்தது, அழுதாள். மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு குரல் அவளைப் புதுப் பானை கொண்டுவரச் சொல்லி, தரையிலிருந்து எண்ணெய் ஊறச் செய்தது. அந்த இடத்தில் அடங்கியிருக்கும் இறைநேசரை அடையாளம் காட்டியவள் அவள்தான் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. அங்கிருந்து சிறிது தூரத்தில் பேரே வாவி. அதன்மேல் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகய. 1976இல் அந்தப் பௌத்த தியான மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் மூஸாஜி என்ற முஸ்லிம் தம்பதியர். இறந்துபோன தங்கள் மகனின் நினைவாகக் கொடுத்தார்கள். கொழும்பின் கலவை என்று நான் சொல்வது இதைத்தான். யாரும் ஏற்பாடு செய்யாமல், அடுத்தவரின் துக்கத்துக்கும் நேர்த்திக்கும் இடம் கொடுத்தே வளர்ந்த ஊர் இது. ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை போகிற நாட்களில் காலி வீதியோரம் நின்று பார்த்தவர்களில் சைவர்களைவிட மற்றவர்களே கூடுதலாக இருந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பம்பாய் மிட்டாய் வாங்க வேல் வரட்டும் என்று காத்திருந்த சிங்களப் பிள்ளைகள் இன்று பாட்டி, தாத்தா ஆகிவிட்டார்கள்.

உங்கள் சபையின் வரலாறும் இதற்குச் சாட்சி. 1865இல் உருவான சபை இது. 1937இல் இந்த நகரம் தெரிவுசெய்த முதல் மேயர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து, ஒரு தமிழர். பிறகு ஏ. ஈ. குணசிங்க, என். எம். பெரேரா, ஏ. எச். எம். ஃபௌசி, கே. கணேசலிங்கம், ஒமர் காமில், ஏ. ஜே. எம். முஸம்மில் என்று பல சமூகத்தவரும் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். நாட்டின் வேறு எந்த உயர் பதவியிலும் இது இவ்வளவு இயல்பாக நடந்ததில்லை. குணசிங்கவின் தொழிற்சங்கம் 1930களில் மலையாளித் தொழிலாளர்களுக்கு எதிராக நடத்திய பிரசாரத்தையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். நகரத்தின் நல்லதும் கெட்டதும் ஒரே மனிதரிடமே இருந்திருக்கின்றன.

இனி, சொல்லக் கடினமான இடத்துக்கு வருகிறேன்.

"உங்கள் வட்டாரத்தில் எத்தனை தமிழர், எத்தனை முஸ்லிம்கள்?" என்று யாராவது கேட்டால் எங்களில் பலருக்கு வயிறு கலங்கும். 1983 யூலை 24 இரவு, கனத்தை மயானத்திலிருந்து கிளம்பிய கூட்டம் பொரளையில் கடைகளை எரிக்கத் தொடங்கியது. அடுத்த நாட்களில் தெருத்தெருவாக வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்கத்தில் தமிழர் குடியிருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயர் வீட்டை எரிப்பதற்குப் பயன்பட்டது. 2007 யூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். அந்தக் காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறோம், எந்த ஊர், எப்போது வந்தோம் என்று நிரப்பிப் பொலிசில் கொடுத்த படிவங்களின் பிரதிகளை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் பல வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டுமே என்ற பயம் முழுதாகப் போகவில்லை.

எங்களை எண்ணியபோதெல்லாம் சந்தேகத்துக்காக எண்ணினார்கள். மேடைகளில் எண்ணுவது அழகுக்காக. சேவைக்காக எங்களை எண்ணியவர்கள் மிகக் குறைவு. இந்த மடலில் நான் கேட்பது அந்த மூன்றாவது எண்ணிக்கையை.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988இல் வந்த 16ஆம் திருத்தம், ஒரு பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் மொத்தச் சனத்தொகையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அங்கே சிங்களம், தமிழ் இரண்டிலும் நிர்வாகம் நடத்துவதற்கு வழி வகுத்தது. எட்டில் ஒன்று என்றால் நூற்றுக்கு பன்னிரண்டரை. கொழும்பில் தமிழ் பேசுவோர் அதைப்போல நான்கு மடங்கு. அப்படியிருந்தும் பெயர்ப் பலகையில் தமிழ் பிழையாக எழுதப்படுகிறது. பஸ் ஆசனத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் 'தாய்' என்பது 'நாய்' ஆகி வந்த பிழையை நாடே பார்த்தது. ஒரு தாயின் மனதை அது எப்படிப் புண்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2021இல் ஓர் அரச திணைக்களத்தில் நூலகத்துக்கு வைத்த பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன, தமிழ் இல்லை. குரல் எழும்பியதும் அகற்றினார்கள். அந்தப் பலகை உங்களுடையதன்று. ஆனால் அது நின்றது உங்கள் நகரத்தில்.

பலகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கருமபீடம். மாநகர சபை ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் நேரடியாக நுழையும் இடங்கள் சில இருக்கின்றன. தாய்சேய் நல நிலையம், முன்பள்ளி, இலவச மருந்தகம், நூலகம், சந்தை, மயானம், டெங்குப் பரிசோதனைக்கு வீட்டுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு பெண் தன் மொழியில் தன் நிலையைச் சொல்ல முடிகிறதா? முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும் இருபது வயதுப் பெண் தனக்கு எங்கே வலிக்கிறது என்பதை அரைகுறைச் சிங்களத்தில், பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலவேளை எட்டு வயது மகனையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போகிறார்கள். ஒரு தாய் தன் கருப்பை நோயை மகனின் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. மாநகர ஊழியர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களில் பலர் பொறுமைசாலிகள், தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்துச் சமாளிப்பவர்கள். எந்த நிலையத்துக்கு எந்த மொழி தெரிந்தவரை அனுப்புவது என்று முடிவு செய்பவர்கள், அந்த நிலையத்தின் வாசலில் வந்து நிற்பவர்கள் யார் என்பதைப் பார்த்து முடிவு செய்வதில்லை. மட்டக்குளியிலும் மாளிகாவத்தையிலும் கிருலப்பனையிலும் தேவைகள் ஒன்றல்ல.

இதே குறை பெரிய வடிவில் வந்து நிற்பது குடியிருப்புப் பிரச்சினையில். இந்த இடத்தில் நீங்கள் சற்றுப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நகர அபிவிருத்தி அதிகார சபை உங்களுடைய கட்டுப்பாட்டில் இல்லை. அது 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனதும், கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் அந்த ஆண்டு மே மாதத்தில் வீடுகள் இடிக்கப்பட்டதும், பின்னர் ஜாவா லேன் காலியாக்கப்பட்டதும் உங்கள் தீர்மானங்கள் அல்ல. ஆனால் போனவர்கள் உங்கள் வாக்காளர்கள். 2001இல் பேஸ்லைன் வீதியில் சஹஸ்புர எழும்பியது; அதன்பிறகு நகரத்தின் வடக்கிலும் கிழக்கிலும் தொடர்மாடிகள் வரிசையாக வந்தன. தண்ணீர்க் குழாயும் கழிவறையும் உள்ள உறுதியான வீடு கிடைத்ததை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பத்துக் குடும்பங்களுக்கு ஒரு கழிவறை இருந்த தோட்டங்களை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் கட்டிலுக்கு மேல் அடுப்பை ஏற்றிச் சமைத்தவர்களையும் தெரியும். புதிய வீடு வேண்டாம் என்று அங்கிருந்த எவரும் சொல்லவில்லை.

அவர்கள் இழந்தது வேறு. வீடுகள் பல இடங்களில் சீட்டிழுப்பில் கொடுக்கப்பட்டன. ஐம்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்த குடும்பங்கள் இரண்டாம் மாடிக்கும் பதினோராம் மாடிக்கும் பிரிந்தன. கொம்பனித்தெரு மலாயர்களை எடுங்கள். 2001இல் மொத்த நகரத்திலும் பதினோராயிரம் பேராக இருந்த ஒரு சமூகத்தின் மொழி பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப்படுவதில்லை. அது வாசற்படியில், பாட்டிமாரின் பேச்சில், பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் உயிரோடு இருக்கிறது. 1786இலிருந்து அங்கே நிற்கும் வேகந்தைப் பள்ளிவாசலை இடிக்காமல் விட்டுவிட்டு, அங்கே தொழப் போனவர்களைச் சிதறடித்தால் பாதுகாத்தது எதை? பெரிய சமூகம் ஒன்று நூறு வீட்டை இழந்தால் தாங்கிக்கொள்ளும். சிறிய சமூகத்துக்கு நூறு வீடு என்பது அதன் எதிர்காலம்.

வருமானமும் அப்படித்தான். தோட்டத்தில் தரை வீட்டில் இருந்த பெண், விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்தாள், பகலில் வாசலில் தையல் மெஷின் போட்டாள், பின்னேரம் வடை சுட்டாள். மாடிக்குப் போனதும் அந்த மூன்று தொழிலும் நின்றன. அதே நேரத்தில் வீட்டுக்கென்று பத்து இலட்சம் ரூபா வரை இருபது, முப்பது வருடத்தில் கட்டி முடிக்கச் சொன்னார்கள். மின்தூக்கி பழுதான நாளில் மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, எப்படி இறக்குவது, எட்டாம் நாள் கிரியைக்கு வருகிறவர்களை எங்கே உட்காரவைப்பது, தானம் கொடுக்க பிக்குமாரை எந்த இடத்துக்கு அழைப்பது, நோன்புக் கஞ்சியை எங்கே காய்ச்சுவது. கட்டடம் வரைந்தவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் கீழ்த்தளத்தில் ஒரு திறந்த கூடம் இருந்திருக்கும். அதற்குப் பெரிய செலவில்லை. யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது தமிழர், முஸ்லிம்கள் பிரச்சினை மட்டுமன்று. வனாத்தமுல்லையிலிருந்து எழுப்பப்பட்ட சிங்களக் குடும்பங்களும் இதே துன்பத்தைத்தான் பட்டன. காலி முகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பி 269 ஹெக்டேரில் துறைமுக நகரம் உருவாகிறது. கொம்பனித்தெரு வானம் முழுவதும் கண்ணாடிக் கோபுரங்கள். இவற்றுக்கு அருகில் நிலம் விலை ஏறுகிற ஒவ்வொரு வருடமும் ஏழைகள் ஓரத்துக்கு நகர்த்தப்படுகிறார்கள். நகரத்தின் நடுவில் கலந்து வாழ்ந்தவர்கள் அந்த ஏழைகள்தான். பணக்காரர்கள் கோபுரங்களில் கலந்து வாழலாம், ஆனால் அங்கே யாரும் யாருக்கும் கஞ்சி கொடுத்தனுப்புவதில்லை. கொழும்பின் பன்மை அழிந்தால் அது இனக் கலவரத்தால் மட்டும் அழியாது, நில விலையாலும் அழியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கனத்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020இல் கொவிட்டில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் வர்த்தமானி போட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை இந்த நகரத்தின் தகனசாலையில், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். அந்த டிசம்பரில் கனத்தை வேலியில் எதிர்ப்பாக வெள்ளைத் துணிகளைக் கட்டியவர்களில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் சைவர்களும் இருந்தார்கள். 1983இல் வெறி கிளம்பிய அதே மயானத்தின் வேலி அது. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. தீர்மானம் எடுத்தது கொழும்பு மாநகர சபை இல்லை. ஆனால் நகரத்து மயானம் உங்கள் பொறுப்பில் இருப்பது. எந்தச் சமூகத்தவர் இறந்தாலும் அவர்களின் முறைப்படி அனுப்பிவைக்கப்படுவார்கள், சபை அதற்காக வாதாடும் என்று ஒரு தீர்மானத்தை இன்றே நிறைவேற்றலாம். நெருக்கடி வந்த பிறகு நிறைவேற்றுவது கஷ்டம்.

வேறு என்ன செய்யலாம் என்றால், முதலில் எங்கள் வீடுகளுக்கு ஆள் அனுப்பிக் கணக்கெடுக்க வேண்டாம். பெயரோ முகவரியோ உங்களுக்குத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக இனம், மதம் பற்றிய மொத்தத் தொகைகளைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஏற்கெனவே வெளியிடுகிறது. அதை வட்டாரப் படத்தோடு பொருத்திப் பாருங்கள். எந்த மருந்தகத்தில் தமிழ் தெரிந்த தாதி இல்லை, எந்த முன்பள்ளியில் தமிழ் மொழிமூல ஆசிரியை இல்லை, எந்த வட்டாரத்துக்கு டெங்கு அறிவித்தல் இரு மொழியிலும் போக வேண்டும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வெற்றிடங்களை அந்த ஒழுங்கில் நிரப்புங்கள். நிரப்பும் வரை நிலையத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரையாவது வையுங்கள், பிள்ளைகளை அந்த வேலையிலிருந்து விடுவியுங்கள். பெயர்ப் பலகையையும் படிவத்தையும் அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் அறிந்த ஒருவர் பார்த்துக் கையொப்பம் இடட்டும். 1942இல் தொடங்கி, இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தைக் கேட்டால் உதவி செய்ய மறுக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

வீடமைப்பைப் பொறுத்தவரை, கட்டட அனுமதிக்கு வரும் ஒவ்வொரு மீள்குடியேற்றத் திட்டத்தின்போதும் சபை மூன்று விடயங்களைக் கேட்டுப் பதிவு செய்யலாம்: யாரை எங்கிருந்து எடுக்கிறீர்கள், அவர்களின் கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், பாடசாலை எவ்வளவு தூரத்தில் இருக்கும், அயலவர்களாக இருந்தவர்களை அயலவர்களாகவே வைப்பீர்களா. பதில் பிடிக்காவிட்டால் சபை கூட்ட அறிக்கையில் எதிர்ப்பைப் பதியலாம், மக்களுக்கு அறிவிக்கலாம். அதிகாரம் இல்லை என்று சொல்வதற்கு முன் இருக்கிற அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்திப் பாருங்கள். தெருக் கூட்டும் தொழிலாளர் பரம்பரையாக வாழும் சபையின் சொந்தக் குடியிருப்புகளில் தொடங்குங்கள். அங்கே வேறு எந்த அதிகார சபையையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த பாதீட்டுக்கு முன் வட்டாரம் தோறும் ஒரு கூட்டம் வையுங்கள். அறிவித்தல் மும்மொழியிலும் வரட்டும். பேசுகிறவர் தன் மொழியில் பேசட்டும். ஆணையாளரும் வரட்டும். வெள்ளிக்கிழமை மதியமும் போயா தினமும் வேண்டாம். கொட்டாஞ்சேனைக் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமையிலும் வைக்காதீர்கள். அன்று பாதிப் பேர் அந்தோனியார் கோயிலில் இருப்பார்கள். வேறு எந்த நாளென்றாலும் அறியத் தாருங்கள், எங்கள் வீதியிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைக் குடியிருப்பாளர் ஒருவர்